ஏழாம் டூலின் நீளம்

அத்திப்பள்ளி
3.2.2025, திங்கள்

அன்புள்ள மாது,

உன் பழைய நம்பருக்கு அடித்தால் யாரோ தெலுங்கில் பேசுகிறார்கள். புது நம்பர் கேட்டால் அம்மா, "உங்க ரெண்டு பேர் சண்டையில என்னை இழுக்காதீங்கடா" என்று சொல்லிவிட்டு, நாட்றாம்பாளையத்தில் சிக்னல் போய்விட்டதாக நடிக்கிறாள். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். ராயக்கோட்டையிலிருந்து பெங்களூருக்குத் தக்காளி ஏற்றிப் போகும் நாராயணப்பன் மாமாவை உனக்கு நினைவிருக்கும். திரும்பும்போது மதியம் ஒரு மணிக்கு இங்கே டீக்கடையில் வண்டியை நிறுத்துவார். எனக்கு ஷிஃப்ட் இரண்டு மணிக்குத்தான். ஓசூரில் நீ வேலை முடிந்து வெளியே வரும் நேரத்துக்கு உன் கம்பெனி கேட்டில் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். பதிலை மறுநாள் காலையில் அவரிடமே கொடுக்கலாம்.

பொங்கல் முடிந்ததும் இரண்டு பேரும் ஒரே நாளில் வேலையை விடுவது என்று பேசினோம். நான் முதலாளி அறைக்குள் போய்க் கடிதத்தை நீட்டிவிட்டுத் திரும்பினால், நீ உன் கடிதத்தை மடித்து டிபன் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாய். அன்று நான் சொன்னதெல்லாம் தப்பு. மறுநாளே என் மெஷினை உனக்குக் கொடுத்தார்கள் என்று கேட்டதும் இன்னும் தப்பாக நினைத்தேன். அதை விடு.

இங்கே எனக்கு நாற்பத்தொன்றாயிரம். அங்கே பதினான்கு வருடத்துக்கு அப்புறம் இருபத்தேழு. இரும்பு வெட்டும் அதே வகை மெஷின்தான், அதே இரும்பு, திரையில் அதே எழுத்து. ஜூஜூவாடி எல்லை தாண்டிப் பத்து கிலோமீட்டர் பஸ்ஸில் உட்கார்ந்து வந்தேன், அவ்வளவுதான். கிருஷ்ணகிரியில் ஒரு சின்ன பட்டறையில் இதே வேலைக்குப் பத்தொன்பது தருகிறார்கள். பெங்களூர் பீன்யாவில் ஐம்பது என்கிறார்கள். என்னோடு ஐ.டி.ஐ. படித்தவன் புனேயில் ஐம்பத்தைந்து வாங்குகிறான். இதை நாராயணப்பன் மாமாவிடம் சொன்னேன். "ராயக்கோட்டையில கூடை நூத்தம்பது, பெங்களூர்ல முந்நூறு. தக்காளிக்கு இது தெரியாது, ஏத்திட்டுப் போறவனுக்குத் தெரியும்" என்றார்.

ஒரு விஷயம். நீ நிற்கும் நாலாம் மெஷினின் கதவை மூடித்தான் ஓட்ட வேண்டும். கதவு திறந்திருந்தால் மெஷின் நிற்கும்படி ஒரு லாக் இருக்கும் இல்லையா, அதை மறுபடி இணைக்கச் சொல். அப்புறம் அதில் இரும்பை வெட்டும் ஏழாம் டூலை மாற்றும் நேரம் வந்தால் என்னைக் கேட்காமல் மாற்றாதே. வேறொன்றும் இல்லை.

உன் அண்ணன்
கமலக்கண்ணன்


ஓசூர்
6.2.2025

அண்ணாவுக்கு,

அன்புள்ள என்று எழுதப் பேனா வரவில்லை. கோபித்துக்கொள்ளாதே.

"என் நாற்காலியில உக்காந்துட்ட" என்று மறுநாள் கேட்டில் நின்று கத்தினாயே, அந்த மெஷினுக்கு நாற்காலியே கிடையாது. ஆறிலிருந்து இரண்டு வரைக்கும் நின்றுகொண்டுதான் இருக்கிறேன். கடிதத்தை ஏன் கொடுக்கவில்லை என்று நீ ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. குழந்தை சௌமியாவுக்குப் பள்ளிக்கூட வேன் காலை ஏழரைக்கு. பக்கத்து வீட்டு ஜோதியம்மாள் ஏற்றிவிடுகிறாள். அத்திப்பள்ளியில் எனக்கு யார் ஏற்றிவிடுவார்கள்? அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றால் அஞ்செட்டி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியதும் நான்தான். உனக்குப் பத்து கிலோமீட்டர். எனக்கு அது வேற ஊர்.

நாற்பத்தொன்று வாங்கு, சந்தோஷம். எனக்கு மூவாயிரம் ஏற்றி இருபத்தொன்று ஆக்கியிருக்கிறார்கள். இரண்டாவது ஷிஃப்டில் இதே மெஷினில் நிற்கிற சரிதா அக்காவுக்குப் பதின்மூன்றரை. திண்டுக்கல் பக்கத்திலிருந்து வந்து ஆறு வருடமாகிறது, இரண்டு பெண் பிள்ளைகள். அவளும் அதே பச்சை பட்டனைத்தான் அழுத்துகிறாள். அவள் பஸ் ஏறாமலே அவள் விலை இறங்கியிருக்கிறது. இதற்கு உன் தக்காளிக் கணக்கில் என்ன பதில்?

கதவு லாக்கைப் பிடுங்கினதே நீதான். "கதவு திறந்து மூடுற நேரத்துல நாலு பீஸ் கூட வரும்" என்று எல்லாருக்கும் செய்து காட்டினவன் நீ. இப்போது என்ன திடீர்க் கரிசனம்?

ஏழாம் டூலுக்கு உன் உத்தரவு தேவைப்படாது. வருகிற பதினோராம் தேதி, செவ்வாய்க்கிழமை, டூல் அளக்கும் கருவி ஒன்று மாட்டப்போகிறார்கள். டூலுக்கு அடியில் காகிதத்துண்டு வைத்து, அது சிக்குகிறதா என்று இழுத்து இழுத்துப் பார்க்கும் வேலை இனி இல்லை. டூல் தானாக வந்து அதைத் தொடும், நீளம் தானாக ஏறிவிடும். இருபது டூலும் பதினைந்தே நிமிடத்தில். முதலாளி லட்டுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்.

மாதேஸ்வரி


அத்திப்பள்ளி
8.2.2025, சனி

அன்புள்ள மாது,

உன் கடிதத்தை நேற்று டீக்கடையில் நின்றுகொண்டே படித்தேன். டீ ஆறிப்போய்விட்டது.

அந்தக் கருவி ஏழாம் டூலை அளக்கக் கூடாது. மற்ற பத்தொன்பதையும் அளக்கட்டும். ஏழை மட்டும் விட்டுவிடச் சொல். காரணம் கேட்காதே. சூப்பர்வைசர் மாரிசாமியிடம் ஏதாவது ஒரு சாக்குச் சொல்.

என்னை மிரட்டுகிறவன் மாதிரி நினைக்காதே. நான்தான் பயந்துபோயிருக்கிறேன். இங்கே ஆறு மாதம் தகுதிகாண் காலம். பழைய கம்பெனிக்கு எப்போது வேண்டுமானாலும் போன் போட்டு விசாரிப்பார்கள். என் விடுவிப்புக் கடிதத்தை முதலாளி இன்னும் கையெழுத்துப் போடாமல் வைத்திருக்கிறார். "ப்ரோக்ராமைத் திருடிக்கிட்டுப் போயிட்டான்னு ஒரு கம்ப்ளைன்ட் குடுத்தேன்னா, ஓசூர்லேர்ந்து பெங்களூர் வரைக்கும் ஒரு பட்டறை உன்னைச் சேர்க்காது" என்று கிளம்பும்போது சொன்னார். நான் திருடவில்லை, மாது. அது உனக்குத் தெரியும். ஆனால் இப்போது கேட்டில் யாராவது என் பெயரைக் கூப்பிட்டாலே மெஷினுக்குப் பின்னால் போய் நிற்கிறேன்.

சம்பளம் கூடினால் தைரியம் கூடும் என்று நினைத்தேன். அறைக்கு முன்பணம் ஒரு லட்சம் கொடுத்திருக்கிறேன், அதுவும் கடன். இருபத்தேழாயிரத்தில் இருந்தபோது இழப்பதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. இப்போது இருக்கிறது.

ஏழை மட்டும் விட்டுவிடச் சொல். நீ ஷிஃப்டில் இருக்கும்போது கதவுக்கு நேராக நிற்காதே.

கமலக்கண்ணன்


ஓசூர்
9.2.2025, ஞாயிறு

அண்ணா,

காலையில் நாராயணப்பன் மாமா வண்டி கிளம்புவதற்குள் எழுதுகிறேன், எழுத்து கோணலாகத்தான் இருக்கும்.

கதவுக்கு நேராக நிற்காதே என்றால் என்ன அர்த்தம்? அப்படி எழுதிவிட்டுக் காரணம் கேட்காதே என்றால் நான் நாளைக்கு எப்படிப் போய் அந்த மெஷின் முன்னால் நிற்பது? அம்மாவிடம் உன் நம்பர் வாங்கி நேற்று மூன்று தடவை அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நீ எடுக்கவில்லை.

மாரிசாமி அண்ணனிடம் போய், ஏழை விட்டுவிடலாமா என்று கேட்டுப் பார்த்தேன். அவர் எதற்கும் காரணம் கேட்கிறவர். "ஏன், ஏழு என்ன உங்க வீட்டு மாப்பிள்ளையா? தொட்டாக் கோவிச்சுக்குமோ?" என்று சிரித்தார். காரணம் இருந்தால்தானே சொல்ல முடியும்.

ஒன்று செய்தேன். நீ எழுதினாய் என்பதற்காகவே கதவு லாக்கை எலக்ட்ரீசியனை வைத்து வெள்ளிக்கிழமையே இணைத்துவிட்டேன். அதற்கும் மாரிசாமி அண்ணன், "அண்ணன் போனதும் தங்கச்சிக்குப் பயம் வந்துருச்சாக்கும். பீஸுக்குப் பன்னெண்டு செகண்டு போச்சே" என்றார். சரிதா அக்காவும் முகத்தைச் சுளித்தாள், எண்ணிக்கை குறைந்தால் அவளைத்தான் கேட்பார்கள்.

நீ அந்த மெஷினில் என்னவோ செய்து வைத்திருக்கிறாய். என்ன என்று எனக்குத் தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை காலை கருவி மாட்ட ஆள் வருகிறார். நாளைக்கு மதியத்துக்குள் எனக்கு எழுது. நேராக எழுது. சௌமியாவுக்கு அப்பா இல்லை, என்னை விட்டால் யாரும் இல்லை, இதை உனக்கு எழுதிக்காட்ட வேண்டியிருக்கிறது பார்.

மாது


அத்திப்பள்ளி
10.2.2025, திங்கள்

அன்புள்ள மாது,

நீ அடித்தபோது அது நீதான் என்று தெரிந்துதான் எடுக்கவில்லை. உன்னிடம் குரலில் பொய் சொல்ல எனக்கு வராது.

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் நாலு காகிதத்தைக் கிழித்துவிட்டேன். நம் வீட்டுக் கடிகாரத்தை வைத்துச் சொல்கிறேன், அப்போதுதான் எனக்கும் வரும். நாட்றாம்பாளையத்தில் ஆறரை மணி பஸ்ஸை விட்டால் பள்ளிக்கூடம் போன மாதிரிதான் என்று அப்பா கூடத்துக் கடிகாரத்தைப் பத்து நிமிடம் கூட்டி வைத்திருப்பார். அது நமக்கும் தெரிந்துபோயிற்று. அதனால் கடிகாரத்தில் ஆறரை ஆன பிறகுதான் செருப்பையே தேடுவோம். கடிகாரமும் பொய், நம் தாமதமும் பொய். இரண்டு பொய்யும் ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொண்டு, நாம் தினமும் சரியான நேரத்துக்கு பஸ் ஏறினோம். அத்தை மகன் கல்யாணத்துக்கு வந்த தருமபுரி பெரியப்பா ஞாபகம் இருக்கிறதா? நல்ல மனிதர். கடிகாரம் தப்பாக ஓடுகிறதே என்று யாரிடமும் சொல்லாமல் சரியாக வைத்துவிட்டார். மறுநாள் நாம் வழக்கம்போல ஆறரைக்குச் செருப்பைத் தேடினோம். வளைவில் பஸ்ஸின் புகைதான் தெரிந்தது. நீ அழுதாய், உனக்கு அன்று கணக்குப் பரீட்சை. பெரியப்பா செய்தது தப்பே இல்லை. அவர் சரி செய்தது ஒரு பொய்யை மட்டும். இன்னொன்று அப்படியே இருந்தது.

மெஷினுக்குக் கண் கிடையாது. டூல் எவ்வளவு நீளம் என்று நாம் எண்ணால் சொல்கிறோம், அதை நம்பித்தான் அது கீழே இறங்குகிறது. நாலாம் மெஷினில் வால்வு செய்யும் வேலைக்கு ஏழாம் டூலின் நீளத்தை உள்ளதைவிட ஐந்து மில்லிமீட்டர் கூட்டி எழுதியிருக்கிறேன். அதைச் சரிக்கட்ட ப்ரோக்ராமில் ஐந்து மில்லிமீட்டர் ஆழமாக இறங்கச் சொல்லியிருக்கிறேன். இரண்டும் பொய்யாக இருக்கும் வரைக்கும் பீஸ் சரியாக வரும். யாராவது நேர்மையாக அளந்து உண்மையான நீளத்தைப் போட்டால், டூல் முழு வேகத்தில் இரும்புக்குள் போய் இடிக்கும். அந்தக் கருவி செய்யப்போவது அதைத்தான்.

மூன்று வருடமாக இப்படித்தான். அந்த டூலை நான் மட்டும்தான் மாற்ற முடியும் என்று இருக்க வேண்டும். நான் லீவு போட்டால் மெஷின் நிற்க வேண்டும், முதலாளி என்னைக் கூப்பிட வேண்டும். எல்லைக்கு அந்தப் பக்கம் கூசாமல் தரும் சம்பளத்தை இந்தப் பக்கம் வாங்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. இரண்டு வருடம் முன்னால் நான் ஊருக்குப் போயிருந்தபோது மாரிசாமி அளந்து போட்டு, டூல் உடைந்து, அவர் எல்லார் முன்னாலும் திட்டு வாங்கினாரே. அது அவர் தப்பில்லை. நான் வந்து பத்து நிமிடத்தில் "சரி" செய்தேன். அந்த மாதம் எனக்கு இரண்டாயிரம் ஏற்றினார்கள்.

கிளம்பும்போது இதை எடுத்துவிட்டுப் போயிருக்க வேண்டும். கோபத்தில் எடுக்கவில்லை. அப்போது அந்த மெஷினில் நீ நிற்பாய் என்று தெரியாது.

வால்வு வேலையை ஓட்டாதே. யாரையும் ஓட்ட விடாதே.

கமலக்கண்ணன்


ஓசூர்
12.2.2025, புதன்

அண்ணா,

நீ பத்தாம் தேதி என்று போட்டு எழுதிய கடிதம் பதினோராம் தேதி மதியம் இரண்டேகாலுக்கு என் கைக்கு வந்தது. நாராயணப்பன் மாமாவைக் கேட்டேன். "நேத்தும் வண்டி நின்னுச்சும்மா. உங்கண்ணன் வந்தான், டீ குடிச்சான், பாக்கெட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான், ஒண்ணும் குடுக்காம போயிட்டான்" என்றார். மடிப்பு வேர்வையில் ஊறி, எழுத்து கலைந்திருந்தது.

நேற்றுக் காலை ஒன்பது மணிக்குக் கருவி மாட்டினார்கள். மாட்ட வந்தவரிடம் ஏழை விட்டுவிடுங்கள் என்று கெஞ்சினேன். "ஏம்மா, ஜோசியமா?" என்றார். இருபதும் ஏறியது. திரையில் ஏழாம் எண்ணுக்கு நேராக ஐந்து குறைந்ததைப் பார்த்தேன். பார்த்தும் எனக்குப் புரியவில்லை. பழைய காகித அளவில் நீதான் பிசகியிருக்கிறாய் என்று மாரிசாமி அண்ணன் சொன்னார், எனக்கும் அப்படித்தான் பட்டது. ப்ரோக்ராமை யார் திறந்து பார்ப்பார்கள்? மூன்று வருடமாகப் பீஸ் சரியாகத்தானே வருகிறது. என் ஷிஃப்ட் முடியும் வரைக்கும் வேறு வேலைதான் ஓடியது. சரிதா அக்கா வந்ததும் வால்வு வேலையை ஏற்றச் சொன்னார்கள். "கதவைத் திறக்காதக்கா, முதல் பீஸை மெதுவா விடு" என்று சொல்லிவிட்டுத்தான் வெளியே வந்தேன். "போடி, எண்ணிக்கைக்கு நீயா வந்து பதில் சொல்லுவ?" என்றாள்.

கேட்டில் நின்று உன் கடிதத்தைப் பிரித்தேன். கடிகாரம். அப்பா. செருப்பு. தருமபுரி பெரியப்பா. நான் ஒரு வரியும் விடாமல் படித்தேன், அண்ணா, எதற்காகச் சொல்கிறாய் என்று தேடித் தேடி. புகை தெரிந்த வளைவுக்கு வரும்போது உள்ளே சத்தம் கேட்டது. லாரி டயர் வெடித்த மாதிரி. அந்த ஒரு பக்கத்துக்கு முன்னாலேயே உன் கடைசி வரியை முதல் வரியாக எழுதியிருந்தால் நான் ஓடியிருப்பேன். கேட்டிலிருந்து நாலாம் மெஷினுக்கு நூறு அடி இருக்குமா?

சரிதா அக்கா உயிரோடு இருக்கிறாள். அதை முதலில் எழுதியிருக்க வேண்டும், உன்னைத் திட்டிவிட்டு நானும் அதையே செய்கிறேன். டூல் துண்டு துண்டாகப் போயிருக்கிறது. ஒரு துண்டு கதவுக் கண்ணாடியில் அவள் முகத்துக்கு நேராகக் குத்தி நிற்கிறது. கண்ணாடி சிலந்தி வலை மாதிரி ஆகிவிட்டது, ஆனால் விடவில்லை. பயத்தில் பின்னால் விழுந்து மணிக்கட்டு பிசகியிருக்கிறது. காது அடைத்துக்கொண்டு நாங்கள் பேசுவது அவளுக்குச் சரியாகக் கேட்கவில்லை. என்னைப் பார்த்து, "நீ சொன்ன மாதிரி மெதுவா விடலைடி, நான்தான், நான்தான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கதவு வெள்ளிக்கிழமைக்கு முன்னால் இருந்த மாதிரி இருந்திருந்தால்...

முதலாளி அவள் தப்பு என்று எழுதிவிட்டார். கட்டுப்போட்ட கையோடு ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். இந்த மாதச் சம்பளம் கிடையாது, சனிக்கிழமையோடு வேலையும் கிடையாது. அவளும் அதை நம்புகிறாள். ஆறு வருடம் பதின்மூன்றரைக்கு நின்றவள் அவ்வளவு பெரிய மெஷினைத் தானே உடைத்துவிட்டதாக நம்பிக்கொண்டு ஊருக்குப் போகப்போகிறாள். வேறொரு பட்டறையும் அவளை எடுக்காது.

உன் கடிதம் என் டிபன் பைக்குள் இருக்கிறது. உன் வேலையும் அதில்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை வரைக்கும் நான் யாரிடமும் கொடுக்க மாட்டேன். என் அண்ணனை நான் காட்டிக்கொடுக்கும்படி வைத்துவிடாதே. எனக்குப் பயமாக இருக்கிறது, கொடுக்கவும் பயம், வைத்திருக்கவும் பயம்.

மாது


ஓசூர், கம்பெனி கேட்
14.2.2025, வெள்ளி, காலை

மாது,

தப்பு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு, முதலாளியைப் பார்க்க வந்திருக்கிறேன்.

வாட்ச்மேன் என்னை வெளியே ஸ்டூலில் உட்கார வைத்திருக்கிறார். உள்ளே கேட்டுச் சொல்கிறேன் என்று போனார். அவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நேற்று டீக்கடைக்குப் போனேன், நாராயணப்பன் மாமா கையை நீட்டினார். கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால், தப்பை ஒத்துக்கொண்ட காகிதத்தை இன்னொருவர் கையில் விட்டுவிட்டு நான் ஷிஃப்டுக்குப் போயிருப்பேன்.

காகிதத்தில் சரிதாவின் பெயரும் மாரிசாமியின் பெயரும் எழுதியிருக்கிறேன், இரண்டு பேர் மேலும் தப்பில்லை என்று. இதை முதலாளி கிழித்துப்போட்டால் உன் பையில் இருக்கும் கடிதத்தைக் கொடு. அதுவும் என் கையெழுத்துதான், தயங்காதே. அத்திப்பள்ளியில் இன்னும் சொல்லவில்லை. அவர்கள் விசாரிப்பதற்கு முன்னால் இன்றைக்கு மதியம் நானே சொல்லிவிடுகிறேன். அப்புறம் நாற்பத்தொன்று இருக்காது, இருபத்தேழும் இருக்காது. கிருஷ்ணகிரிப் பட்டறைக்காரராவது கதவைத் திறப்பாரா, தெரியாது. முதலாளி போலீஸைக் கூப்பிடுவாரா, அதுவும் தெரியாது. வரும் வழியில் ஜூஜூவாடியில் பஸ் நின்றபோது இறங்கித் திரும்பிவிடலாமா என்று எழுந்தேன். கண்டக்டர், "இறங்குறியா, உக்கார்றியா?" என்று கன்னடத்தில் அதட்டினார். உட்கார்ந்துவிட்டேன்.

நாலாம் மெஷினைச் சரி செய்து ஓட்டும்போது உனக்கு வேண்டியது: ப்ரோக்ராமில் ஏழாம் டூல் வரும் இடத்தில் பதினொரு வரி இருக்கிறது. ஒவ்வொன்றிலும் ஆழத்தை ஐந்து குறைக்க வேண்டும். இந்தக் கடிதத்தின் பின்பக்கம் பதினொன்றையும் எழுதியிருக்கிறேன். நீளத்தைக் கருவி சொல்வதுபோலவே விடு. அது சொல்வதுதான் உண்மை.

வாட்ச்மேன் வருகிறார். மேலே வரச் சொல்கிறார்களாம். முதலாளி கத்துவார், உனக்குக் கேட்கும். படிக்கட்டு வரைக்கும் வந்து நிற்காதே. மெஷினுக்குப் போ. கதவை மூடிக்கொள்.

அண்ணன்